அப்பாயியின் செம்பும் ஆறாயிரம் செம்புக் கலங்களும்

போகிக்கு முதல் நாள் வீட்டைக் கழுவித் துடைக்கும்போது என் மகள் ஒரு காரியம் செய்துவிட்டாள். அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பழைய செம்பை இறக்கி, ஒரு கையில் புளி, மறு கையில் உப்பு என்று உட்கார்ந்துவிட்டாள். நான் பார்த்தபோது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பக்கம் பளபளவென்று ஆகியிருந்தது. நான் போட்ட சத்தத்தில் அடுப்படியில் இருந்த மனைவி ஓடிவந்தார்.

"அத விடும்மா! அந்தப் பச்சை அழுக்கு இல்ல. அதுதான் அந்தச் செம்போட சட்டை."

"அழுக்குப் பிடிச்ச பாத்திரத்த வச்சுக்கிட்டா பொங்கல் கொண்டாடுறது?" என்றாள். பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைப் பொறியாளர். அவர்கள் தொழிற்சாலையில் தூசு என்றால் கொலைக்குற்றம்.

அந்தச் செம்பின் கதை அவளுக்குத் தெரியும். ஆனால் காதால் கேட்ட கதைதான். நான் கண்ணால் பார்த்தவன்.

1943ஆம் ஆண்டு. ஜப்பான்காரன் காலம். சயாம் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற செய்தி செமிலிங், பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் பரவிக்கொண்டிருந்தது. ஓர் இரவு என் தாத்தா, வீட்டில் இருந்த வெள்ளிக் காசுகளையும் அப்பாயியின் ஒரு சோடித் தோட்டையும் இந்தச் செம்புக்குள் போட்டார். வாயைத் துணியால் கட்டி, அதன்மேல் ரப்பர் பாலை ஊற்றிக் காயவிட்டார். செம்பை ஓர் இரும்புத் தகரப் பெட்டிக்குள் வைத்து, லயத்து வீட்டு அடுப்படியின் மண் தரையில் குழி வெட்டிப் புதைத்தார். நான்கு நாள் கழித்து அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை.

போர் முடிந்தபோது அப்பாயி பிள்ளைகளோடு வேறு லயத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். பழைய வீட்டில் வேறொரு குடும்பம். "உங்க அடுப்படியத் தோண்டணும்" என்று எந்த வாயால் போய்க் கேட்பது? கேட்டால் காசு யாருக்கு என்று வழக்கு வரும். மனதிலேயே வைத்திருந்தார். ரப்பரை அழித்துச் செம்பனை நடுவதற்காக 1996இல் அந்த லயத்தை இடித்தார்கள். அப்பா மண்வெட்டியோடு போனார், கூடவே நானும். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த அப்பாயி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "அடுப்புக் கல்லுக்கு மேக்க மூணு சாண்" என்றார். அடுப்புக் கல் எங்கே இருந்தது? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. மூன்று குழி வெட்டினோம். நான்காவது குழியில்தான் மண்ணின் நிறம் மாறியது.

தகரப் பெட்டி இல்லை. அதன் வடிவம் மட்டும் இருந்தது: செங்காவி நிறத்தில் சதுரமாக ஒரு கோடு, தொட்டால் உதிர்ந்தது. நடுவில் செம்பு, பச்சை பூத்து, முழுசாக. வாய்த்துணியின் மேலிருந்த ரப்பர் செம்பைத் தொட்ட இடமெல்லாம் தார் போல இளகிக் கையில் ஒட்டியது. வெள்ளிக் காசுகள் கறுத்திருந்தன. தோடு மட்டும் நேற்றுத்தான் வாங்கியது போல மின்னியது. ஒரே குழி, ஒரே மழை, அதே 53 ஆண்டு. நான்கு உலோகத்துக்கும் நான்கு கதி.

அப்பாயி தோட்டைக்கூடப் பார்க்கவில்லை. செம்பை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

சரி, மகளிடம் வருகிறேன். அன்று இரவு சாப்பிடும்போது அவளே பேச்சை எடுத்தாள். 13ஆவது மலேசியத் திட்டத்தில் அணுமின்சாரம் பற்றிய பேச்சு மறுபடியும் வந்திருக்கிறது அல்லவா? "அந்தக் கழிவ எதுலப்பா போட்டுப் புதைப்பாங்க? தாத்தா மாதிரி தகரத்துலயா, செம்புலயா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் சுங்கை பட்டாணிப் பக்கம் கையுறைத் தொழிற்சாலைகளில் பராமரிப்பு வேலையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் துருவோடு மல்லுக்கட்டியவன் நான். அது சரியான கேள்வி என்று எனக்குத் தெரியும். பதிலும் சட்டென்று சொல்லக்கூடியதுதான்: ஃபின்லாந்திலும் சுவீடனிலும், செம்பில்.

தாய்வீட்டுக்குத் திரும்பும் இரும்பு

முதலில் தகரப் பெட்டி ஏன் காணாமல் போனது என்று பார்ப்போம். அதற்கு வெளிநாடு போக வேண்டாம். செமிலிங்கிலிருந்து பீடோங் சாலையில் கொஞ்ச தூரம் போனால் போதும். எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்கு அந்தச் சாலை நன்றாகத் தெரியும். அங்கேதான் சுங்கை பத்து அகழாய்வுத் தளம் இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு 2009 முதல் அங்கே தோண்டி, பழங்கால இரும்பு உருக்கு உலைகளின் எச்சங்களை வெளியே கொண்டுவந்தது. காற்றை ஊதிச் செலுத்திய சுட்ட மண் குழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. எவ்வளவு பழமை என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாக்குவாதம் உண்டு. நம் ஊர் இரும்பு வேலை மிகப் பழையது என்பதில் வாக்குவாதம் இல்லை.

அங்கே அதிகம் கிடைப்பது இரும்பு அல்ல, உருக்கியபோது கழிந்த கசடு. செய்த இரும்பு கப்பலேறிப் போய்விட்டது. கண்ணாடி போல உறைந்த கசடு பல நூற்றாண்டு மழைக்குப் பிறகும் கிடக்கிறது. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இரும்புத் தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கல். அதை மரக்கரியோடு சேர்த்து எரித்து ஆக்சிஜனைப் பிடுங்கினால் இரும்பு கிடைக்கிறது. அந்த இரும்பை ஈரத்தில் விட்டால் அது மறுபடியும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. துரு என்கிறோமே, அது ஏறத்தாழ அந்தத் தாதுவேதான். இரும்பு தன் தாய்வீட்டுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். காற்றும் மழையும் மாறி மாறி இறங்கும் நம் செம்மண்ணில் அந்தப் பயணம் விறுவிறுவென்று நடக்கும். ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தகரம் 53 ஆண்டு தாங்கினால்தான் ஆச்சரியம்.

ஆக்சிஜனே இல்லாத ஆழத்தில் என்ன ஆகும்? அப்போதும் இரும்பு அரிக்கும். தண்ணீரிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயுவை வெளியே விடும். ஆனால் மேலே படியும் கருந்துரு ஒரு போர்வை போல மூடிக்கொள்வதால், இறுகிய களிமண்ணுக்குள் அரிப்பு ஆண்டுக்கு ஓரிரு மைக்ரோமீட்டர் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆண்டுக்கு ஒன்று என்றால் ஒரு சென்டிமீட்டர் கரைய 10,000 ஆண்டு. இதை நம்பித்தான் சுவிட்சர்லாந்து தடித்த எஃகுக் கலத்தைத் தன் களிப்பாறைக்குள் வைக்கத் திட்டமிடுகிறது.

செம்பின் கதை வேறு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் செம்பு, தாதுவாக அல்லாமல் உலோகமாகவே பாறைக்குள் கிடைத்தது. அதாவது மண்ணுக்குள் உலோகமாகவே இருப்பது செம்புக்குப் பழகிய நிலை. இரும்புக்கு இருக்கும் தாய்வீட்டு ஏக்கம் அதற்குக் குறைவு.

மெர்போக்கில் ஒரு கல்பெட்டி

ஃபின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ தீவில், 400 மீட்டருக்கும் கீழே, பாறைக்குள் சுரங்கம் குடைந்திருக்கிறார்கள். பெயர் ஓன்காலோ. அந்தப் பாறையின் வயது 190 கோடி ஆண்டு. போசிவா என்ற நிறுவனம் 2004இல் தோண்டத் தொடங்கியது. பயன்படுத்திய அணு எரிபொருளை வார்ப்பிரும்புச் சட்டத்துக்குள் அடுக்கி, அதைச் சுமார் 5 சென்டிமீட்டர் கனமுள்ள செம்பு உறைக்குள் இறக்கி, மூடியைப் பற்றவைப்பார்கள். கலத்தைப் பாறையில் வெட்டிய குழிக்குள் வைத்து, சுற்றிலும் பென்டோனைட் என்ற களிமண்ணை இறுக்குவார்கள். தண்ணீர் பட்டால் இந்தக் களிமண் உப்பிக்கொண்டு இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். இரும்பு பாரத்தைத் தாங்க, செம்பு அரிப்பைத் தாங்க, களிமண் தண்ணீரை மறிக்க, பாறை எல்லாவற்றையும் காக்க. தாங்க வேண்டிய காலம் 1,00,000 ஆண்டு. அதற்குள் கதிர்வீச்சு, பூமியில் இயற்கையாகக் கிடைக்கும் யுரேனியத் தாதுவின் அளவுக்கு இறங்கிவிடும் என்பது கணக்கு.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு மெர்போக் அருங்காட்சியகம்தான் நினைவுக்கு வந்தது. ஜெராய் மலை அடிவாரத்தில் சண்டி புக்கிட் பத்து பகாட் இருக்கிறதே, பள்ளிச் சுற்றுலாவில் எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்தக் கோயில் அடித்தளம்? அலஸ்டேர் லேம்ப் என்ற ஆய்வாளர் 1960 வாக்கில் அதைச் சீரமைத்தபோது, கட்டுமானத்துக்குள் புதைத்து வைத்திருந்த கல்பெட்டிகள் கிடைத்தன. கல்பெட்டிக்குள் சிறிய செம்புப் பாத்திரம். அதற்குள் பொன், வெள்ளித் துண்டுகளும் மணிகளும். பல நூற்றாண்டுகளுக்கு முன் அந்தக் கோயிலைக் கட்டியவர்கள், காலத்துக்கும் அழியக் கூடாது என்று நினைத்த பொருளைச் செம்பில் போட்டு, செம்பைக் கல்லில் வைத்து, மண்ணுக்குள் மூடினார்கள். ஃபின்லாந்துக்காரரும் அதையே செய்கிறார். என் தாத்தாவும் பாதி செய்தார். கல்லுக்குப் பதில் தகரம்தான் அவருக்குக் கிடைத்தது.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கோயிலில் வைத்தது வெளியே இருப்பவர்களிடமிருந்து காப்பாற்ற வேண்டிய பொருள். ஃபின்லாந்தில் வைப்பது, அதனிடமிருந்து வெளியே இருப்பவர்களைக் காப்பாற்ற வேண்டிய பொருள்.

செம்புக்கும் எதிரி உண்டு

என் தொழிலில் நான் படித்த முதல் பாடம், எந்த உலோகத்தின் பெயரையும் நம்பாதே என்பது. ஒரு தொழிற்சாலையில் புதிதாக வந்த துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி மூன்றாம் ஆண்டே நள்ளிரவில் ஒழுகியது. மேலெல்லாம் முகம் பார்க்கலாம் போல மினுமினுப்பு. பற்றவைத்த இடத்தில் மட்டும் குண்டூசி முனை அளவில் ஓட்டைகள். கையுறை கழுவும் தண்ணீரில் இருந்த குளோரின், வேறு எங்கும் தொடாமல் அந்த ஒரே இடத்தில் குடைந்திருந்தது. மொத்தமாக எவ்வளவு அரித்தது என்பது முக்கியமல்ல, எங்கே அரித்தது என்பதுதான் முக்கியம். அன்று முதல் பற்றவைப்பைத் தடவிப் பார்க்காமல் நான் எந்தத் தொட்டியையும் ஏற்றுக்கொண்டதில்லை. செம்புக் கலத்தின் மூடியை உருக்கி ஒட்டாமல், உராய்வுச் சூட்டில் உலோகத்தைப் பிசைந்து இணைக்கும் முறையைச் சுவீடன்காரர்கள் தேர்ந்தெடுத்ததன் அருமை, தொட்டி ஒழுகிய இரவைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்த பெரியவர்கள் இன்னொன்று சொல்வார்கள்: பால் பக்கத்தில் பித்தளை, செம்பு வைக்காதே. காரணம் இரண்டு. செம்பு பட்டால் ரப்பர் கெட்டுவிடும், தாத்தா கட்டிய மூடி தாராய் இளகியது அதனால்தான். பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவோ செம்பையும் பித்தளையையும் கெடுத்துவிடும். வெள்ளைக்கார ராணுவம் இந்தியாவில் இதை வேறு விதமாகக் கற்றது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடித்து விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியா செய்த வேலை அது.

ஆழ்சுரங்கத்தில் குதிரை இல்லை, அம்மோனியாத் தொட்டியும் இல்லை. அங்கே செம்புக்கு எதிரி சல்ஃபைடு. தாத்தாவின் வெள்ளிக் காசைக் கறுக்க வைத்த அதே கந்தக வகை. ஆக்சிஜன் இல்லாத நீரில் சில நுண்ணுயிர்கள் கந்தக உப்பைத் தின்று சல்ஃபைடை உண்டாக்கும். அது கலத்தைத் தொட்டால் செம்பு கறுத்துக் கரையும். களிமண்ணை அத்தனை இறுக்கமாகத் திணிப்பது தண்ணீருக்காக மட்டுமல்ல, அந்த நுண்ணுயிர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுக்காமல் இருக்கவும்தான்.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. 2007 முதல் ஸ்டாக்ஹோம் அரச தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பீட்டர் சகாலோஷ், குன்னார் ஹுல்ட்குவிஸ்ட் ஆகிய ஆய்வாளர்கள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். ஆக்சிஜனே இல்லாத சுத்தமான நீரிலும் செம்பு அரிக்கிறது, ஹைட்ரஜன் வருகிறது என்றார்கள். பாடப்புத்தகம் அப்படி நடக்காது என்கிறது. மற்ற ஆய்வுக்கூடங்கள் திரும்பச் செய்து பார்த்தன; அந்த அளவுக்கு அரிப்பு தெரியவில்லை என்று பலர் சொன்னார்கள். விவாதம் நின்றபாடில்லை. 2018 ஜனவரியில் சுவீடனின் நிலச் சுற்றுச்சூழல் நீதிமன்றம், செம்புக் கலத்தின் அரிப்பு குறித்து இன்னும் ஆதாரம் வேண்டும் என்று அரசுக்குச் சொன்னது. ஓஸ்கர்ஷாம்ன் அருகே நிலத்தடி ஆய்வுக்கூடத்தில் 20 ஆண்டு புதைத்து வைத்திருந்த செம்பைத் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள். அதற்குப் பொருள் சொல்வதிலும் சண்டை வந்தது. கடைசியில் 2022 ஜனவரியில் அரசு ஃபோர்ஷ்மார்க் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்தது. 2025 ஜனவரியில் வேலை தொடங்கியது. 6,000 கலங்கள், 12,000 டன் எரிபொருள்.

எனக்கு இதில் பிடித்தது, ஒரு நாட்டின் நீதிமன்றத்தில் துருவைப் பற்றி வாதாடினார்கள் என்பது. அனுமதி சரியா தவறா என்பது இருக்கட்டும். கேள்வி கேட்டவர்களை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் தேடியதில் நாலு ஆண்டு போனது. போகட்டுமே, காத்திருக்க வேண்டிய காலம் ஒரு இலட்சம் ஆண்டாயிற்றே.

ஆணியும் பீரங்கியும்

20 ஆண்டுச் சோதனையை வைத்து 1,00,000 ஆண்டுக்கு எப்படிப் பேசுவது? தொழிற்சாலையில் நாங்கள் உலோகத் துண்டை எடை போட்டுத் தொட்டிக்குள் தொங்கவிடுவோம். ஆறு மாதம் கழித்து எடுத்து மறுபடி எடை போடுவோம். குறைந்த எடைதான் அரிப்பு. அதிலிருந்து பத்து ஆண்டுக்குக் கணக்குப் போடவே எனக்குக் கை நடுங்கும்.

அதனால்தான் அணுக்கழிவு ஆய்வாளர்கள் தொல்லியல்காரர்களின் வாசலில் போய் நிற்கிறார்கள். ஸ்காட்லாந்தில் இன்ச்டுதில் என்ற ரோமானியக் கோட்டை இருந்தது. கி.பி. 87 வாக்கில் ரோமானியப் படை அதைக் கைவிட்டுப் போனபோது, ஆணிகள் பகைவர் கையில் கிடைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் ஆழக் குழியில் கொட்டி மூடிவிட்டது. 1960களில் தோண்டியபோது 8 இலட்சத்து 75 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆணிகள்! ஓரத்தில் இருந்தவை துருவேறி ஒன்றோடொன்று ஒட்டி ஓடு போல ஆகியிருந்தன. அந்த ஓடு, உள்ளே வந்த ஈரத்தின் ஆக்சிஜனை எல்லாம் தானே குடித்துவிட்டது. நடுவில் இருந்த ஆணிகள் இன்றைக்கும் மரத்தில் அடிக்கலாம் போல இருந்தன. கூட்டுக் குடும்பத்தில் மூத்தவர்கள் அடி வாங்கிக்கொள்வதைப் போல.

சுவீடனின் போர்க்கப்பல் க்ரோனன் 1676இல் பால்டிக் கடலில் மூழ்கியது. அதிலிருந்த வெண்கலப் பீரங்கி ஒன்று கடலடிக் களிமண்ணில் செங்குத்தாகச் செருகிக்கொண்டது. அந்த வெண்கலத்தில் செம்பே மிகப் பெரும் பங்கு. 300 ஆண்டு கழித்து எடுத்து அளந்தபோது ஆண்டுக்கு 0.15 மைக்ரோமீட்டர்தான் அரித்திருந்தது. இதே வேகம் என்றால் ஒரு இலட்சம் ஆண்டில் 15 மில்லிமீட்டர். கலத்தின் செம்பு 50 மில்லிமீட்டர். சந்தைக் கணக்கில் நல்ல மிச்சம்.

நம்மவர்கள் உடனே டெல்லி இரும்புத் தூணைச் சொல்வார்கள். சுமார் 1,600 ஆண்டு துருப்பிடிக்காமல் நிற்கிறது, உண்மை. அதிலிருக்கும் பாஸ்பரஸ் மேலே ஒரு பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கியது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்ரமணியம் விளக்கினார். ஆனால் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்துதான் அந்தப் படலம் உருவாகிறது. மண்ணுக்குள் இருந்த அதன் அடிப்பகுதியில் துரு ஏறியிருந்தது! தூணின் புகழைப் பாடுபவர்கள் அடியைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தத் தூண் நமக்குச் சொல்வது, இடம் மாறினால் அதே இரும்பு வேறு இரும்பு என்பதைத்தான்.

கசடை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இந்தியாவில் எரிபொருளை மறுசுத்திகரிப்பு செய்த பிறகு மிஞ்சும் கடுங்கழிவைக் கண்ணாடியோடு உருக்கி, எஃகுக் கலத்தில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். தாராப்பூரிலும் கல்பாக்கத்திலும் அதற்கான ஆலைகள் உண்டு. கலம் அரித்துப் போனாலும் கண்ணாடி எளிதில் கரையாது என்பது நம்பிக்கை. சுங்கை பத்துக் கசடு சொல்வதும் ஏறத்தாழ அதுதான். ஆனால் ஆழ்சுரங்கம் இந்தியாவில் இன்னும் இல்லை. 2012இல் கூடங்குளம் வழக்கின்போது கோலார் தங்கவயலின் பெயர் அடிபட்டது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் பொன் தோண்டிய அந்த ஊர் கொதித்தெழுந்தது. பிறகு அரசு அப்படி ஒரு திட்டம் இல்லை என்றது.

நம் நாட்டுப் பீப்பாய்கள்

"அதெல்லாம் இருக்கட்டும்ப்பா, இங்கதான் அணுஉலையே இல்லையே" என்றாள் மகள்.

சிறியது ஒன்று இருக்கிறது. பாங்கியில், 1982 முதல், ஆய்வுக்காக. மருத்துவமனைகளும் தொழிற்சாலைகளும் பயன்படுத்திக் கழித்த கதிரியக்க மூலங்களை எஃகுக் கலத்தில் அடைத்து ஆழ்துளைக் குழியில் இறக்கும் அனைத்துலக அணுசக்தி முகமையின் திட்டத்தில் கானாவோடு சேர்ந்து மலேசியாவும் முன்னோடி நாடு. இதெல்லாம் அளவில் சிறியவை.

பெரியது ஈப்போ பக்கம் இருக்கிறது. புக்கிட் மேராவில் 1982 முதல் ஓர் அரிய மண் தொழிற்சாலை ஓடியது. ஈயச் சுரங்கக் கழிவு மணலிலிருந்து அரிய தனிமங்களை எடுத்தபோது தோரியம் கலந்த கழிவு மிஞ்சியது. 1985இல் ஊர் மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இருந்தும் 1994இல் நிறுவனமே ஆலையை மூடியது. அதன் கழிவு புக்கிட் கிளேடாங் மலையில் புதைக்கப்பட்டது. 2011இல் வெளியான செய்திகளின்படி, 80,000க்கும் மேற்பட்ட இரும்புப் பீப்பாய்கள். தோரியம் பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டு ஆகும். பீப்பாய்த் தகரத்தின் ஆயுளை என் தாத்தாவின் பெட்டியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. இது அணுஉலை எரிபொருளைப் போலக் கடுங்கழிவு அல்ல, தோரியம் தண்ணீரில் எளிதில் கரைவதும் இல்லை. அங்கே உண்மையில் காவல் நிற்பது பீப்பாய் அல்ல, மேலே கொட்டி இறுக்கிய களிமண்ணும் கருங்கல்லும், ஒழுங்காகப் போட்ட வடிகாலும்தான். பீப்பாய் துருப்பிடிக்கும் என்று தெரிந்தே கட்டியது. ஜெர்மனியின் ஆஸ்ஸ உப்புச் சுரங்கத்தில் அந்தக் கவனம் இல்லை. 1967 முதல் 1978 வரை 1,26,000 கலங்களை உள்ளே போட்டார்கள். பின்னர் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. இப்போது எல்லாவற்றையும் வெளியே எடுக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்குக் குவாந்தான் கெபெங்கில் லைனாஸ் கழிவின் நிரந்தரக் கிடங்கைப் பற்றியோ, வேறெங்கோ வரப்போகும் அணுமின் நிலையத்தைப் பற்றியோ கூட்டம் கூட்டினால், கலம் எந்த உலோகம் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த மண், எந்தத் தண்ணீர், மழை எந்தப் பக்கம் ஓடும், யார் எத்தனை ஆண்டு அளந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ஆண்டு முழுதும் மழை பெய்யும் நாட்டுக்கு ஃபின்லாந்துப் பாறைக் கணக்கு அப்படியே பொருந்தாது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதற்கு ரசாயனத்தில் பதில் இல்லை. புதைத்த இடம் யாருக்கு நினைவிருக்கும்? அப்பாயிக்கு 53 ஆண்டில் அடுப்புக் கல் தவறிப்போனது. 1834இல் ஜேம்ஸ் லோ செபராங் பிறையில் கண்டெடுத்த புத்தகுப்தன் கல்வெட்டு சுமார் 1,500 ஆண்டுப் பழமையானது, பல்லவ எழுத்து. தமிழ்ப்பள்ளியில் படித்த நம்மில் எத்தனை பேர் அதை வாசிப்போம்? "ஆபத்து, தோண்டாதே" என்று எந்த மொழியில் எழுதி வைப்பது என்று அமெரிக்காவில் ஆய்வுக்குழுவே அமைத்து யோசித்தார்கள். அடையாளமே வைக்காமல் காடு வளர விட்டுவிடலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு.

நமக்கு மொழிகூடத் தடையில்லை. 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி, வீடமைப்பு வேலைக்காக இடித்துத் தள்ளப்பட்டது. எண் கொடுத்து, வரைபடத்தில் குறித்து, புத்தகங்களில் எழுதி வைத்த இடம்! பல நூற்றாண்டு மழையைத் தாங்கிய செங்கல், மண்வாரி இயந்திரத்தைத் தாங்கவில்லை. அங்கே புதைந்திருந்தது வழிபாட்டுக்குரிய இடமாகப் போயிற்று. வேறெதுவாகவாவது இருந்திருந்தால்?

மகள் பதில் சொல்லாமல் தட்டைக் கழுவப் போனாள்.

ஒவ்வொரு போகிக்கும் அந்தச் செம்பை எடை போடுவது என் வழக்கம். தொழிற்சாலைப் புத்தி, வேறென்ன. சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே பேசாது, அதனால் பல ஆண்டுகளாக ஒரே எண்தான் வந்தது: 612 கிராம். அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த ஆண்டும் எல்லாரும் படுத்த பிறகு எடுத்து வைத்துப் பார்த்தேன்.

611. புளி.